சோதிடருக்கு உரிமம் தந்தவர் யார்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலே துன் சம்பந்தன் சாலை வழியாக ஒருவர் மெல்ல நடந்து, இருமருங்கிலுமுள்ள கடைகளின் உட்சுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவாராயின், இந்நாட்டில் மனிதர் பிழைப்பு எத்தனை காகிதங்களின்மேல் நிற்கிறது என்பதை நன்றாய் அறிந்துகொள்வார். உணவுக் கடையின் சுவரிலே மாநகர் மன்றத்தின் உரிமம் கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும். முடிதிருத்தும் கடையிலும் அவ்வாறே. அடகுக் கடைக்காரருக்கு 1972 ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. சித்த வைத்தியர் முதலிய பாரம்பரிய வைத்தியர்களுக்குங்கூட 2016 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மாடியறையிலே சோழி உருட்டுகிறவருடைய சுவரைப் பாருங்கள். தெய்வப் படங்கள் உண்டு; மாலை உண்டு; பெரிய மனிதர்களோடு நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்களும் உண்டு. இவர் இன்னது கற்றார், இன்னாரால் சோதிக்கப்பட்டார், இவர் தவறினால் இன்னாரிடம் முறையிடலாம் என்று சொல்லும் காகிதம் மட்டும் அங்கே இராது.

இந்த வேறுபாட்டை நாம் பல்லாண்டுகளாகக் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். நம் கண்ணைத் திறந்தது ஓர் அம்மாள் கொண்டுவந்த அடகுச் சீட்டு.

நாம் கிள்ளானை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்திலே கிராணி. ஆங்கில வழியில் படித்தவராதலால், நிறுவைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதுவதல்லாமல், தோட்டத்தாருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும், அவர்களுக்காக மனு எழுதுவதும் நமது தலையில் வந்து விழுந்த வேலைகளாயின. இதற்குச் சம்பளம் இல்லை; எனினும் இதிலே நமக்கு ஒரு பெருமை இருந்ததென்பதை மறைப்பதற்கில்லை.

அந்த அம்மாள் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். கணவரை இழந்தவர். ஒரே மகன் காலையில் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகி, இடுப்பெலும்பு முறிந்து, ஒன்றரை ஆண்டாக வீட்டிலே கிடக்கிறான். அவர் ஒரு நாள் மாலை, நிறுவை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அலுவலக வாசலிலே வந்து நின்றார்.

"கிராணி ஐயா, ஒரு பெட்டிசன் எழுதிக் குடுக்கணும்."

"யார் பேர்ல அக்கா?"

"ஒரு ஜோசியர் பேர்ல."

பிரிக்பீல்ட்ஸில் மாடியறையொன்றில் தங்கியிருந்த சோதிடர் ஒருவரிடம் அவர் போயிருக்கிறார். முதல் நாள் 51 வெள்ளி. மகனுடைய ஜாதகத்திலே சனியின் பார்வை பொல்லாததாயிருக்கிறதென்றும், ஹோமம் செய்யாவிட்டால் மீண்டும் ஒரு கண்டம் உண்டென்றும் அவர் சொன்னார். ஹோமத்துக்கு 3,600 வெள்ளி. அம்மாள் தமது சங்கிலியைக் கிள்ளானில் அடகு வைத்து 2,500 பெற்று, சேமிப்பிலிருந்து 1,100 சேர்த்து, மூன்று தடவையாகக் கொடுத்தார். ஹோமம் இந்தியாவிலே ஒரு கோவிலில் நடக்குமாம். பிரசாதம் தபாலில் வருமாம். நான்கு மாதமாயிற்று. பிரசாதமும் வரவில்லை, மாடியறையின் கதவும் திறக்கவில்லை, தொலைபேசியும் எடுபடவில்லை.

நமக்குக் கோபம் பொங்கிற்று. மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசவும் எழுதவும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பேசியும் எழுதியும் வந்திருக்கிறோம். ஆகவே சற்றுக் கண்டிப்பாகவே, "இப்படிப்பட்ட ஆளிடம் போகச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டோம்.

அவர் நம்மை வியப்போடு பார்த்தார். "நீங்கதானே ஐயா. போன வருசம் உங்க தங்கச்சி ஜாதகத்தைக் கொண்டுபோயி பாத்துட்டு வந்து, ஆளு நல்லாத்தான் சொல்றாருன்னு சொன்னீங்க. படிச்சவங்க நீங்களே போறீங்களேன்னுதான் நானும் போனேன்."

அவர் சொன்னது உண்மை. தங்கைக்கு ஒரு நல்ல வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பொருத்தம் பார்க்கவேண்டுமென்றார்கள். தாயாரும் அழுதார். ஒரு நாள் அமைதிக்காக, நம்பிக்கையில்லாமலே, தாயாரை அந்த மாடியறைக்கு அழைத்துக்கொண்டு போனோம். அவர் தோஷமில்லை என்றார். தாயார் முகம் மலர்ந்தது. நமக்கும் காரியம் எளிதாயிற்று. தோட்டத்துக்குத் திரும்பி, கேட்டவர்களிடம் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னோம். சொன்னதை நாம் மறந்தோம், கேட்டவர் மறக்கவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மனிதனுக்குக் குற்றவுணர்ச்சி வந்தால் முதலில் அவன் தேடுவது வேறொரு குற்றவாளியை. நாமும் தேடினோம். அரசாங்கம் அகப்பட்டது. சோதிடர்களுக்குப் பரீட்சை வைத்து, உரிமம் கொடுத்து, தவறுகிறவருடைய உரிமத்தைப் பறித்தால் இந்த அம்மாள் ஏமாந்திருப்பாரா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டு, அரசாங்கத்தைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதுவதென்று சட்டப் புத்தகங்களைத் திறந்தோம். திறந்த பிறகுதான் விஷயம் நாம் நினைத்த மாதிரி இல்லையென்பது தெரிந்தது.

உலகத்து அரசுகள் சோதிடரைக் கவனியாமல் இருந்ததில்லை. கி.பி. 11 ஆம் ஆண்டிலே ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ், சோதிடர்கள் ஒருவருக்குத் தனியாகக் குறி சொல்லக்கூடாதென்றும், ஒருவருடைய மரணத்தைப்பற்றிச் சொல்லவே கூடாதென்றும் ஆணையிட்டான். தன்னுடைய மரணத்தைப்பற்றி யாரேனும் கேட்டுவிடுவாரோ என்பதே அவன் கவலை என்று கருத இடமுண்டு. இங்கிலாந்திலே 1824 ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம், குறி சொல்லி மக்களை ஏமாற்றுவோரைச் சோம்பேறிகளோடும் போக்கிரிகளோடும் ஒரே பட்டியலில் வைத்தது. அந்தச் சட்டத்தின்படி ஆலன் லியோ என்னும் பெயர்பெற்ற சோதிடர் 1914 இலும் 1917 இலும் வழக்குமன்றம் ஏறினார். தாம் விதியைச் சொல்லவில்லை, மனிதருடைய போக்குகளையே சொல்கிறோம் என்பது அவருடைய வாதம். முதல் முறை தப்பினார். இரண்டாம் முறை அபராதம் விழுந்தது. சட்டத்தின் அந்தப் பகுதி 1989 இல் நீக்கப்பட்டுவிட்டது. நியூயார்க்கிலோ, கூலி வாங்கிக்கொண்டு குறி சொல்வது இன்றளவும் குற்றம். ஆனால் வேடிக்கைக்காக நடத்தும் காட்சியென்றால் குற்றமில்லை.

நமது பக்கத்து நாடுகளைப் பார்ப்போம். இலங்கையிலே 2009 இல் ஒரு சோதிடர் கைது செய்யப்பட்டார். அவர் ஏழைகளிடம் பணம் பறித்தாரென்று அன்று. அந்நாட்டு அதிபர் பதவியிழப்பார் என்று கணித்துச் சொன்னாரென்று! தமிழ்நாட்டிலே 2024 ஏப்ரலில், கடலூரில் ஒரு கிளிச் சோதிடரை வனத்துறையார் பிடித்து எச்சரித்து விட்டார்கள். தேர்தலிலே ஒரு வேட்பாளர் வெல்வாரென்று அவருடைய கிளி சீட்டெடுத்துக் கொடுத்த சமயம் அது. ஆயினும் அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம் பொய்க் குறியன்று. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறாகக் கிளியைக் கூண்டில் அடைத்ததே. கிளிக்கு நீதி கிடைத்ததைக்குறித்து நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ராஜாவுக்குப் பாதுகாப்பு, தெருவுக்குப் பாதுகாப்பு, கிளிக்குப் பாதுகாப்பு என்று இவ்வளவு பாதுகாப்புகளுக்கிடையே, சங்கிலியை அடகு வைத்த அம்மாளுக்குப் பாதுகாப்பு எங்கே?

உரிமமே அந்தப் பாதுகாப்பு என்று முதலில் நாமும் நினைத்தோமல்லவா? அதனைச் சற்று ஆராய்வோம். உரிமம் கொடுக்கவேண்டுமானால் பரீட்சை வைக்கவேண்டும். பரீட்சைக்கு விடை எது? சனிப் பெயர்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி சனி மீன ராசிக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கத்தின்படியோ அது 2026 மார்ச்! வானத்திலே இருப்பது ஒரே சனி. அது வீடு மாறும் நாளிலே ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். இவ்விரண்டில் எதை எழுதியவருக்கு மதிப்பெண் போடுவது?

பரீட்சை ஒன்று நடந்ததும் உண்டு. வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் 2008 இல் மராட்டிய மாநிலத்திலே அதனை நடத்தினார். நன்றாய்ப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகிய இவர்களுடைய ஜாதகங்களைத் திரட்டி, ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்கள் கொடுத்து, எது எவ்வகைப் பிள்ளையுடையது என்று பிரித்துச் சொல்லும்படி கேட்டார். விடையளித்தவர் 27 பேர். அவர்கள் சரியாகச் சொன்னது சராசரி நூற்றுக்கு 46. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டிவிட்டாலும் நூற்றுக்கு 50 வரும்.

அன்றியும், அரசு முத்திரை வைத்துவிட்டால் அதன் விளைவு என்ன? இந்தியாவைப் பாருங்கள். 2001 இல் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிடத்தைப் பல்கலைக்கழகங்களிலே பாடமாக வைக்க வழிசெய்தது. விஞ்ஞானிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 2004 இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய வழக்கைத் தள்ளிவிட்டது. பின்னர் 2011 இல், சோதிட விளம்பரங்களைத் தடுக்கவேண்டுமென்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு வந்தபோது, சோதிடம் காலங்காலமாய் நிலைத்துவந்த சாஸ்திரமாதலால் மாய வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொருந்தாதென்று மத்திய அரசின் சார்பில் சொல்லப்பட்டது. அந்த வழக்கும் தள்ளுபடியாயிற்று. முத்திரை பெற்ற பொய், முத்திரையற்ற பொய்யைவிட வலியது. நாளைக்கு பிரிக்பீல்ட்ஸ் மாடியறையிலே தெய்வப் படங்களுக்கு நடுவே அரசாங்க உரிமமும் தொங்குமாயின், அது இன்னொரு தெய்வப் படமாகவே விளங்கும்.

நிற்க. உரிமம் இல்லையென்றால் சட்டமே இல்லையென்பது பொருளா? இங்கேதான் நாம் வியப்படைந்தோம். இந்நாட்டிலே 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கூலி வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்கிறது அது. பொய்யான உறுதிமொழி கூறி விற்பதைத் தடுக்கிறது. தனிச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்வல்லாருடைய சேவைக்கு அது பொருந்தாது. வழக்கறிஞருக்கு வேறு சட்டம், வைத்தியருக்கு வேறு சட்டம். ஆனால் சோதிடருக்குத் தனிச் சட்டம் இல்லையல்லவா? ஆகவே, பொருள் விற்கும் எந்த வியாபாரியையும் போலவே அவரும் இந்தச் சட்டத்துக்குள் அடங்குகிறார். உரிமம் இல்லாமை அவருக்கு மதிப்பைத் தரவில்லை. நமக்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. அச்சட்டத்தின் கீழமைந்த நடுவர் மன்றத்திலே 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம்; 50,000 வெள்ளி வரையில் கோரலாம்; வழக்கறிஞர் வேண்டுவதில்லை. சோதிடர் வேண்டுமென்றே ஏமாற்றினாரென்று மெய்ப்பிக்க முடியுமானால், தண்டனைச் சட்டத்தின் 420 ஆம் பிரிவும் இருக்கிறது. சுற்றுலாப் பயணியாக வந்து தொழில் நடத்துகிறவரைக் குடிநுழைவுச் சட்டமும் விடுவதில்லை.

உற்சாகத்தோடு மறுநாளே மனுவை எழுத உட்கார்ந்தோம். "எதிர்வாதியின் பெயர்?" அம்மாளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் அவரைச் 'சாமி' என்றே அழைத்தார்கள். நமக்குத் தெரியுமா? நமக்கும் தெரியவில்லை. "வியாபாரப் பதிவு எண்?" 1956 ஆம் ஆண்டின் சட்டப்படி வியாபாரம் செய்வோர் பதிந்துகொள்ள வேண்டும், அந்த எண்ணை நாம் கேட்டதுமில்லை, பார்த்ததுமில்லை. "பணம் கொடுத்ததற்கு ஆதாரம்?" அம்மாள் தமது கைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்த இரண்டு பொருள்களை மேசைமேல் வைத்தார். ஒன்று அடகுச் சீட்டு. மற்றொன்று விபூதிப் பொட்டலம்.

அவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அடகுக்காரர் யாரும் புகழும் மனிதரல்லர். ஆனாலும் அவருடைய சீட்டிலே சங்கிலியின் எடை இருந்தது. கொடுத்த தொகை இருந்தது. மாதத்துக்கு நூற்றுக்கு 2 வெள்ளி வட்டி என்றும், ஆறு மாதத் தவணை என்றும் இருந்தது. கடையின் பெயரும் முகவரியும் இருந்தன. பொட்டலத்திலே ஓரெழுத்தும் இல்லை. முதல்வரிடம் 2,500 வாங்கியதற்குச் சாட்சி உண்டு. இரண்டாமவரிடம் 3,600 கொடுத்ததற்குச் சாட்சி இல்லை.

"ரசீது கேட்கலையா அக்கா?" என்றோம்.

"தட்சிணைக்கு யாராச்சும் ரசீது கேப்பாங்களா ஐயா?"

இந்த ஒரு கேள்வியிலே சோதிடத் தொழிலின் சட்டநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. கட்டணம் என்றால் அது வியாபாரம். ரசீது உண்டு, கணக்கு உண்டு, வழக்கு உண்டு. தட்சிணை என்று பெயர் வைத்து வெற்றிலைத் தட்டிலே வைத்துவிட்டால், அதே பணம் காணிக்கையாகிவிடுகிறது, கேட்பது பாவமாகிவிடுகிறது. சட்டத்துக்குள் இருக்கும் மனிதரைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுவது அரசாங்கமன்று, நமது கூச்சம். நாமும் அந்தத் தட்டிலே 51 வெள்ளி வைத்தவர்தாம். ஆங்கிலம் படித்த நாம் ரசீது கேட்டோமா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய பெயராவது இன்று கையில் இருந்திருக்கும்.

மனு நிறைவேறவில்லை. காவல் நிலையத்திலே புகார் எழுதிக் கொடுத்தோம். மாடியறையின் சொந்தக்காரர், வாடகைக்கு விட்டதைத் தவிர தமக்கொன்றும் தெரியாதென்றார். சங்கிலியை மீட்கும் செலவில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம். வாசகர்கள் இதனைத் தருமமென்று எண்ணவேண்டாம். இது நமக்கு நாம் விதித்துக்கொண்ட அபராதம்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அதுவே நம்மை அதிகமாய்ச் சுடுவது. முதல் நாள் சோதிடரிடம் அந்த அம்மாள் கேட்ட கேள்வி என்னவென்று பிறகு விசாரித்தோம். மகனுக்குக் கண்டம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. "சொக்சோ பணம் எப்ப வரும்?" என்றே கேட்டிருக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் 1969 ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உதவி உண்டு. மனு ஏதோ ஒரு தாள் குறைவினால் நின்றுபோயிருந்தது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய இடம் சொக்சோ அலுவலகம். அங்கே கடிதம் எழுதக்கூடிய ஆள் தோட்டத்திலேயே இருந்தார், அவர் நாம். ஆனால் கிராணியின் மேசையருகே நின்றால் "பிறகு வாங்க" என்ற பதில் வரும். சோதிடரோ உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் கேட்டார். மகனுடைய பெயரைச் சொல்லி விசாரித்தார். அலுவலகங்கள் பேசாத இடத்திலே நட்சத்திரங்கள் பேசத் தொடங்குகின்றன. அந்த ஒரு மணி நேரத்தை நாம் கொடுத்திருந்தால், அதற்கு 3,651 வெள்ளி ஆகியிராது.

இப்பொழுது அந்தக் குறைந்த தாளைத் தேடிப் பிடித்து, மனுவை மீண்டும் அனுப்பியிருக்கிறோம். அனுப்பிய அன்று அம்மாள் சற்றே தயங்கி நின்று, "ஐயா, இது எப்ப வரும்னு ஒரு நல்ல ஜோசியரா பாத்துக் கேக்கலாமா?" என்றார். நமக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொல்லி, சொக்சோ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அவர்கள் சொன்னதை அவர் காதிலேயே கேட்கச் செய்தோம். ஆறு வாரம் என்றார்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் பேசுவோம்.

சகோதரர்களே! சோதிடருக்கு உரிமம் வழங்கும்படி அரசாங்கத்தைக் கேட்கவேண்டாம். இவ்வூரிலே அவர் ஏற்கெனவே உரிமம் பெற்றுத்தான் தொழில் நடத்துகிறார். படித்தவர், கிராணி, ஆசிரியர், சங்கத் தலைவர் என்று பெயர் வாங்கியவர்கள் நம்பாமலே படியேறி, நம்பாமலே பணம் வைத்து, நம்பாமலே புகழ்ந்துவிட்டுத் திரும்புகிறோமே, அந்தத் திரும்பும் முகமே அவருடைய உரிமம். நம்புகிற ஏழை அதைப் படித்துப் பார்த்துத்தான் உள்ளே போகிறார். நாம் கொடுத்ததை நாமே திரும்பப் பெறலாம்; அதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. வீட்டாருடைய மனத்தை மாற்ற இயலாமல் போய்த்தான் தீரவேண்டுமென்கிற நாளிலாவது, தட்டிலே பணத்தை வைக்குமுன் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள்; வைத்தபின் ரசீதைக் கேளுங்கள். தங்கையின் பிள்ளைக்கு ஜாதகம் எழுதவேண்டுமென்று நமது தாயார் இப்பொழுது மறுபடியும் சொல்லத் தொடங்கியிருக்கிறார். இம்முறை நாம் அழைத்துக்கொண்டு போவதாயில்லை. அவர் அழுவார், அதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.